கேம்பிரியன் காலத்துக் கணுக்காலி, கல்லில் குடலும் கண்ணும்: நம்பலாமா, வாங்கலாமா?

#1 கல்லுக்காதலன் (கொருக்குப்பேட்டை)

வணக்கம் நண்பர்களே. புதைபடிவம் விற்கும் ஒரு இணையக் கடையில் ஒரு கல் பார்த்தேன். உள்ளங்கை அளவு, மஞ்சள் களிக்கல். அதன் மேல் செங்காவி நிறத்தில் இறால் போல ஓர் உருவம். "சீனா, செங்ஜியாங், கேம்பிரியன் காலம், மென்திசு அப்படியே உள்ளது, கண்ணும் குடலும் தெளிவாகத் தெரியும்" என்று போட்டிருக்கிறார்கள். விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. என்னிடம் இப்போது இருப்பவை மொராக்கோ ட்ரைலோபைட் (அழிந்துபோன கடல் கணுக்காலி) ஒன்று, அம்மோனைட் (சுருள் ஓட்டுக் கடல் உயிரி) ஒன்று. இரண்டுமே ஓடுதான். உள்ளுறுப்பு தெரியும் கல் இதுவரை கையில் கிடைத்ததில்லை.

இரண்டு கேள்விகள். இது உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டா? அப்புறம், 50 கோடி ஆண்டுக்கு முன்னால் செத்த ஒரு பூச்சியின் குடல் எப்படி மிஞ்சும்? வீட்டில் கேட்டால், "காலையில் வாங்கின இறாலே சாயங்காலம் நாறுது, நீங்க 50 கோடி வருஷத்துக் குடலுக்குப் பணம் கட்டப் போறீங்களா" என்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

#2 தயிர்வடை (பெரம்பூர்)

அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போங்க அண்ணே. ஒரு வேன் நிறைய மென்திசு வாங்கலாம்.

#3 சுண்ணக்கட்டி (ராயபுரம்)

விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செங்ஜியாங் என்பது சீனாவின் யுன்னான் மாகாணத்தில் இருக்கிறது. 1984 ஜூலை 1 அன்று ஹோ சியான்குவாங் என்ற ஆய்வாளர் மாவோதியான்ஷான் குன்றில் ஒரு களிக்கல்லைப் பிளந்தபோது நராவோயியா என்னும் உயிரி கிடைத்தது. ட்ரைலோபைட்டின் உறவு, ஆனால் சுண்ணாம்பு ஏறிய ஓடு கிடையாது. அப்படிப்பட்ட மெல்லிய உடல் உயிரி அதற்கு முன் கனடாவின் பர்ஜஸ் பாறையில் மட்டுமே பேர் பெற்றிருந்தது. அதனால்தான் கையில் இருப்பது என்ன என்று அவருக்கு உடனே புரிந்தது. செங்ஜியாங்கின் வயது சுமார் 51.8 கோடி ஆண்டு. பர்ஜஸ் அதைவிட ஒரு கோடி ஆண்டு இளையது, 50.8 கோடி. பர்ஜஸை 1909இல் கண்டவர் சார்லஸ் வால்காட். அங்கிருந்து 65,000க்கும் மேற்பட்ட மாதிரிகளை இறக்கிக்கொண்டு போனார்.

இவை ஏன் அபூர்வம்? ஓடு உள்ள பிராணி செத்தால் ஓடு மிஞ்சும். ட்ரைலோபைட்டின் முதுகோட்டில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் இருந்தது, அதனால் உலகம் பூராவும் கிடைக்கிறது. அதிலும் பெரும்பாலானவை பிராணியே அல்ல, அது உரித்துப் போட்ட சட்டை. ஆனால் அதே ட்ரைலோபைட்டின் காலும் உணர்கொம்பும் செவுளும் கனிமம் ஏறாத மெல்லிய தோல். அவை தெரியும் மாதிரி மொத்தத்தில் மிகக் கொஞ்சம். கேம்பிரியன் கணுக்காலிகளில் கணிசமானவற்றுக்குக் கனிம ஓடே இல்லை. பர்ஜஸ், செங்ஜியாங் போன்ற இடங்கள் இல்லாவிட்டால் அவை இருந்தன என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

வாங்குவது பற்றி: சீனாவில் மண்ணிலிருந்து எடுக்கும் புதைபடிவம் அரசுக்குச் சொந்தம். 2011 ஜனவரி 1 முதல் அதற்கென்று தனி விதிகள் நடைமுறையில் உள்ளன. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. செங்ஜியாங் 2012 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. ஆகவே தம்பி, அந்தக் கல் போலியாக இருந்தால் உங்கள் பணம் போயிற்று, அசலாக இருந்தால் அது கடத்தல் சரக்காக இருக்கலாம்.

#4 கல்லுக்காதலன் (கொருக்குப்பேட்டை)

நன்றி சார். விதி விஷயம் இதுவரை தெரியாது. விற்பவரிடம் ஏற்றுமதிக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். ஆனால் முதல் கேள்வி நிற்கிறதே. ஓடு சரி, குடல் எப்படி?

#5 தேரடி (திருவொற்றியூர்)

வாங்குபவன் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் இந்த வகைக் கல்லைப் பிளக்கும்போது உருவம் இரண்டு பாதியிலும் ஒட்டிக்கொண்டு வரும், ஒன்று மேடாக, ஒன்று பள்ளமாக. எதிர்ப்பாதி எங்கே என்று கேளுங்கள். இல்லை என்பதாலேயே போலி என்று ஆகிவிடாது. இருந்தால் ஏமாற்றுவது ரொம்பக் கஷ்டம். மஞ்சள் களிக்கல்லில் செங்காவி தீட்டுவது பெரிய வேலை இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தூரிகைச் சாயம் கல்லின் நுண்துளைக்குள் ஊறியிருப்பதும், விரிசலைத் தாண்டி ஓடியிருப்பதும் தெரியும். மொராக்கோ சரக்கில் பிசினில் வார்த்த ட்ரைலோபைட் நிறைய உண்டு, மேலே காற்றுக்குமிழித் துளைகள் இருக்கும். உங்களிடம் இருப்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

#6 கல்லுக்காதலன் (கொருக்குப்பேட்டை)

பார்க்க மாட்டேன். நிம்மதியாக இருக்கிறேன்.

#7 இறால்கூடை (காசிமேடு)

நான் கல்லைப் பற்றிப் பேச வரவில்லை. இறால் உரிக்கும் கொட்டகையில் ரொம்ப வருஷமாக வேலை. என் மகன்தான் இந்தக் குழுவில் சேர்த்துவிட்டான், அவன் எழுதிக் கொடுக்கவில்லை, நானே எழுதுகிறேன்.

இறாலில் முதலில் கெடுவது தலைதான். ஐஸ் குறைந்தால் தலைக்குள் இருக்கும் மஞ்சள் கொழகொழப்பு இளகி, தலை லூசாகி, கறுத்துவிடும். உடம்புச் சதை அப்போதும் கெட்டியாக இருக்கும். அதனால்தான் தலை கிள்ளின சரக்கு அதிக நேரம் தாங்குகிறது. முதுகில் ஓடும் கருப்புக் குடலும் சீக்கிரம் கெடும். நீங்கள் சொல்லும் கல்லில் ஓடும் சதையும் போய்க் குடல் மட்டும் நிற்கிறது என்றால் அது தலைகீழாக இருக்கிறதே? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

#8 நுண்ணோக்கி (வியாசர்பாடி)

அக்கா, இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். நான் முதுகலை விலங்கியல் படிக்கிறேன், கேம்பிரியன் பற்றிக் கருத்தரங்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கல்லில் இருப்பது சதை இல்லை. மென்திசு பாதுகாக்கப்பட்டது என்று சொன்னாலும் அங்கே இருப்பது ஒன்று மெல்லிய கரிப்படலம், இல்லாவிட்டால் திசு இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்த கனிமம். செங்ஜியாங்கில் பைரைட் என்ற இரும்புக் கனிமத்தின் நுண்மணிகள் உருவாகி, பிறகு மழையும் வெயிலும் பட்டுத் துருவாகிவிட்டன. அந்தச் செங்காவி நிறம் துருவின் நிறம். பர்ஜஸில் கரிப்படலம்தான் பிரதானம். அந்தப் பாறை பிற்பாடு மலைக்கு அடியில் வெந்து உருமாறியதால் படலத்தின் மேல் அலுமினோசிலிகேட் என்ற களிமண் வகைக் கனிமங்களும் ஏறியிருக்கின்றன. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் வெள்ளி மாதிரி மின்னும்.

இப்போது அக்கா சொன்ன தலை. அந்த மஞ்சள் கொழகொழப்பு இறாலின் செரிமானச் சுரப்பி. உணவைக் கரைக்கும் நொதிகள் அத்தனையும் அங்கேதான் இருக்கின்றன. உயிர் போனதும் அவை சொந்த உடம்பையே கரைக்க ஆரம்பிக்கும். குடலில் பாக்டீரியா வேறு. ஆகவே முதலில் கெடுவது அதுதான், நீங்கள் கண்ணால் பார்ப்பது சரி.

ஆனால் அந்தக் கெட்டுப்போதலே கனிமத்தையும் கொண்டுவருகிறது. அழுகும்போது அந்த இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்து அமிலம் கூடுகிறது. அமிலம் கூடினால் சாதாரணமாகக் கடல்நீரில் படியும் சுண்ணாம்புக் கார்பனேட் படியாது, கால்சியம் பாஸ்பேட் படியும். பாஸ்பேட் எங்கிருந்து? அழுகும் திசுவிலிருந்தே. கணுக்காலிகள் பலவற்றில் செரிமானச் சுரப்பி கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம். பர்ஜஸில் கிடைக்கும் லியான்கோய்லியா என்ற கணுக்காலியின் உடம்பு நெடுக ஜோடி ஜோடியாக முப்பரிமாணத்தில் இந்தச் சுரப்பிகள் பாஸ்பேட்டாக நிற்கின்றன. உடம்பின் மற்ற பாகம் நசுங்கிப் படலமாகிவிட்டது, சுரப்பி மட்டும் பருமனாக இருக்கிறது. 2002இல் நிக் பட்டர்ஃபீல்டு இதை ஆராய்ந்து, பாஸ்பேட் வெளியிலிருந்து வரவில்லை, சுரப்பியின் சொந்தச் சேமிப்புதான் என்று வாதிட்டார்.

இது கற்பனைக் கணக்கும் இல்லை. 1990களில் டெரெக் பிரிக்ஸும் அமாண்டா கியரும் செத்த இறால்களை மூடிய கலனில் கடல்நீரோடு அழுகவிட்டுப் பார்த்தார்கள். சில வாரங்களுக்குள்ளேயே தசைநார்களில் கால்சியம் பாஸ்பேட் படிய ஆரம்பித்தது. கோடி ஆண்டு வேண்டியதில்லை. முதல் சில வாரங்களில் எது கல்லாகிறதோ அதுதான் மிச்சம். மற்றது போய்விடும்.

#9 இறால்கூடை (காசிமேடு)

சரி, கெட்டுப்போவதே காப்பாற்றுகிறது என்கிறாய் தம்பி. அப்படியானால் எங்கள் கொட்டகைக்குப் பின்னால் கொட்டும் தலைக் குவியல் எல்லாம் கல்லாகி இருக்க வேண்டுமே. ஒரு நாளில் புழு வைத்துவிடுகிறது.

#10 நுண்ணோக்கி (வியாசர்பாடி)

காற்றும் ஈயும் நாயும் இருக்கிற இடத்தில் ஆகாது அக்கா. மூடிக் கிடக்க வேண்டும், அதுவும் உடனே. பர்ஜஸில் கடலடிச் சரிவிலிருந்து சேறு வழிந்து வந்து, பிராணிகளை அடித்துக்கொண்டு போய், ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் மொத்தமாகப் புதைத்தது. அழுகும் வேகத்துக்கும் கனிமம் படியும் வேகத்துக்கும் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அழுகல்தான் ஜெயிக்கும்.

அதற்கும் அங்கேயே சாட்சி இருக்கிறது. பர்ஜஸில் மிக அதிகமாகக் கிடைக்கும் கணுக்காலி மரெல்லா. 25,000க்கும் மேல் எடுத்திருக்கிறார்கள். அதில் நிறைய மாதிரிகளில் உடம்புக்குப் பக்கத்தில் ஒரு கருங்கறை இருக்கும். உள்ளே இருந்த நீர்மம் கசிந்து வெளியே வந்து சேற்றில் ஊறியது அது. அழுகல் பாதி தூரம் போன பிறகு ஏதோ ஒன்று நிறுத்தியிருக்கிறது.

#11 முகத்துவாரம் (எண்ணூர்)

நான் இந்த விஷயத்தில் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. குடல், சுரப்பி வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன், வேதியியல் சரியாக இருக்கிறது. ஆனால் அடுத்த படி ஒன்று இருக்கிறது, அதை யாரும் இங்கே எடுக்கவில்லை: மூளை.

2012இல் செங்ஜியாங்கின் ஃபுசியான்ஹுயியா என்ற கணுக்காலியில் மூளை தெரிகிறது என்று நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. மா சியாவோயா, ஹோ சியான்குவாங், எட்ஜ்கோம்ப், ஸ்ட்ராஸ்ஃபெல்டு ஆகியோர் எழுதியது. கண் தண்டிலிருந்து நரம்பு, மூன்று பகுதி மூளை, இன்றைய பூச்சி மூளை போன்ற சிக்கலான அமைப்பு. 2014இல் அதே பிராணியில் இதயமும் ரத்தக்குழாய்களும் என்றார்கள். படம் அழகுதான். ஆனால் அது கல்லில் ஒரு கறை. நரம்புத்திசு அழுகல் சோதனைகளில் சீக்கிரம் காணாமல் போகிறது. இறால் கொட்டகை அக்காவுக்குத் தெரியும், அதில் மூளை என்று எதையாவது எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2018இல் லியூ, ஸ்டெய்னர் முதலியோர் எதிர்த்து எழுதினார்கள். குடல் பாக்டீரியா செத்த உடம்புக்குள் பரவிப் படலம் படலமாக வளரும், ஓடு அதற்கு வரம்பாக நிற்கும், பிறகு அந்தப் படலம்தான் கரியாகவும் இரும்பாகவும் பதிகிறது. இதயம், குழாய், மூளை என்று படித்ததெல்லாம் அந்தப் படலத்தின் சுவடாக இருக்கலாம் என்பது வாதம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ரசாயன ஆலையில் வேலை பார்க்கிறவன் நான். குழாய்க்குள் படலம் வளர்ந்து கிளைகிளையாக எப்படி உருவம் எடுக்கும் என்று பார்த்திருக்கிறேன். பார்க்கிறவன் எதைத் தேடுகிறானோ அது தெரியும்.

#12 தயிர்வடை (பெரம்பூர்)

எண்ணூர்க்காரர் கறையைப் பற்றிச் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும்.

#13 நுண்ணோக்கி (வியாசர்பாடி)

அண்ணா, நல்ல எதிர்வாதம். ஆனால் ஃபுசியான்ஹுயியாவோடு விஷயம் நிற்கவில்லை.

ஒன்று, 2015இல் அதே குழு ஃபுசியான்ஹுயியாவின் ஏழு புதிய மாதிரிகளை எடுத்துக்கொண்டு வந்தது. கறை ஒரே ஒரு கல்லில் இருந்தால் தற்செயல் எனலாம். ஒரே வடிவம், ஒரே இடம், இரு பக்கமும் ஒத்துப்போகிறது என்றால் படலம் அப்படி ஒழுங்காக வளருமா? அதோடு இன்றைய புழுக்களையும் கரப்பான்களையும் சேற்றில் புதைத்து அழுத்திப் பார்த்தார்கள். நீர் முழுக்கப் பிழிந்து போனால் மூளை தட்டையாகி உருவம் மாறாமல் நிற்கிறது என்றார்கள். கொழுப்பு அதிகம் உள்ள திசு, தண்ணீரோடு அவ்வளவு சீக்கிரம் கலக்காது.

இரண்டு, 2016. அதே யுன்னானில் சியாவோஷிபா என்ற இடத்திலிருந்து செங்ஜியாங்கோகாரிஸ் குன்மிங்கென்சிஸ். இதில் மூளை இல்லை, வயிற்றுப்பக்க நரம்புத்தண்டு. ஒவ்வொரு ஜோடிக் காலுக்கும் ஒரு முடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு இடையில் பக்கவாட்டில் மயிரிழை நரம்புகள் வரிசையாகக் கிளம்புகின்றன. இறாலைத் திருப்பிப் போட்டு வயிற்றுப்பக்கச் சதையைக் கீறினால் வெள்ளையாக ஒரு நூல் ஓடுமே, அதே இடம். பாக்டீரியாப் படலம் காலுக்குக் கால் முடிச்சுப் போட்டுக்கொண்டு போகாது.

மூன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2022இல் மோய்சியுக்கும் காரோனும் பர்ஜஸின் ஸ்டான்லிகாரிஸ் பற்றி எழுதினார்கள். அனோமலோகாரிஸ் என்ற கேம்பிரியன் வேட்டைப் பிராணியின் உறவு, முன்னால் முள் வைத்த இரண்டு பிடிகரங்கள், இரண்டு பக்கக் கண்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு பெரிய கண். 268 மாதிரிகள், அதில் 84இல் மூளையும் நரம்பும் தெரிகிறது. மூளை இரண்டு பகுதி: ஒன்று கண்ணுக்கு, ஒன்று கரத்துக்கு. இன்றைய பூச்சிக்கும் இறாலுக்கும் உள்ள மூன்றாம் பகுதி அங்கே இல்லை. ஆசைக்காகக் கறையைப் படித்திருந்தால், தெரிந்த மூன்றையும் அல்லவா கண்டுபிடித்திருப்பார்கள்?

#14 முகத்துவாரம் (எண்ணூர்)

ஸ்டான்லிகாரிஸை எதிர்க்கவில்லை. 84 என்பது எண்ணிக்கை. நரம்புத்தண்டு முடிச்சும் சரி. நான் எதிர்ப்பது ஃபுசியான்ஹுயியாவின் இதயத்தை. ஒன்று உண்மை என்பதால் பக்கத்தில் இருப்பதும் உண்மை ஆகிவிடாது. ஒரு புதைபடிவத்தில் உறுப்பு என்று சொல்ல வேண்டுமானால் நிறைய மாதிரி வேண்டும், அதுவும் அழுகலின் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் மாதிரி. அந்தச் சுமை சொல்பவர் தலையில்தான்.

கரப்பான் சோதனை பற்றி: நீர் வற்றினால் நிற்கும் என்று காட்டினார்கள், நிஜக் கடலடியில் பாக்டீரியாவுக்கு முன்னால் நீர் வற்றியது என்று காட்டவில்லை. இரண்டும் வேறு.

#15 சுண்ணக்கட்டி (ராயபுரம்)

இந்தச் சண்டை எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. இந்தத் துறையில் கறையைப் படித்து ஏமாந்த வரலாறு நீளமானது. அனோமலோகாரிஸ் 1892இல் பெயர் பெற்றபோது கிடைத்தது பிடிகரம் மட்டும், அதை ஒரு இறாலின் உடம்பு என்று நினைத்தார்கள். வாயை வட்ட வடிவ ஜெல்லிமீன் என்று வால்காட் பெயர் வைத்தார். எல்லாம் ஒரே பிராணியின் பாகங்கள் என்று விட்டிங்டனும் பிரிக்ஸும் விவரமாக எழுதியது 1985இல். நடுவில் 93 ஆண்டு. பர்ஜஸின் இன்னொரு பிராணியான ஓபாபினியாவின் ஐந்து கண்ணையும் தும்பிக்கையையும் 1972இல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் விட்டிங்டன் காட்டியபோது சபை சிரித்தது.

எண்ணூர் நண்பருக்கு ஒரு கேள்வி. உங்கள் ஊர்க் கழிமுகச் சேறு கறுப்பாக, முட்டை நாற்றத்தோடு இருக்கிறது. ஆக்சிஜன் இல்லை என்பதற்கு அடையாளம் அது. அதில் புதையும் இறால் ஏன் இப்படி நிற்பதில்லை? பையன்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

#16 முகத்துவாரம் (எண்ணூர்)

சார், பிடித்துவிட்டீர்கள்.

கொசஸ்தலையாற்றுச் சேற்றில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். மேல் ஒரு விரல்கடை பழுப்பு, அதற்குக் கீழே கறுப்பு. கறுப்பில் காற்று இல்லை. ஆனால் சேறு சும்மா கிடப்பதில்லை. நண்டு வளை, புழு வளை, கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள் கால் வேறு. எல்லாம் சேர்ந்து மேல் தண்ணீரைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கின்றன. ஆழமாகத் துளைத்துச் சேற்றைக் கலக்கும் வழக்கம் கேம்பிரியன் காலத்தில் இந்த அளவுக்கு வளரவில்லை. அப்போது ஒரு முறை மூடியது மூடியபடியே கிடந்தது.

இரண்டாவது, சல்பேட். இன்றைய கடல்நீரில் சல்பேட் நிறைய. காற்று தீர்ந்தாலும் சல்பேட்டைச் சுவாசித்து அழுகவைக்கும் பாக்டீரியா இருக்கிறது. அந்த முட்டை நாற்றம் அவை விடும் மூச்சு. ஆக்சிஜன் இல்லாவிட்டால் அழுகாது என்று நினைப்பது அதனால்தான் தவறு. 2012இல் கெயின்ஸ் குழு சொன்னது இது: கேம்பிரியன் கடலில் சல்பேட் குறைவு, காரத்தன்மை அதிகம், அதனால் புதைந்த அடுக்கின் மேல் சீக்கிரமாகவே கால்சைட் படிந்து சிமெண்ட் போட்டது போல மூடிவிட்டது, சல்பேட் உள்ளே இறங்க வழி இல்லாமல் போயிற்று. ஒரே வகைப் பாதுகாப்பு பல கண்டங்களிலும் அந்தக் காலத்தில் திரும்பத் திரும்பக் கிடைப்பதற்கும், பிற்பாடு அருகிப் போவதற்கும் இது பொருந்துகிறது. இதை நான் நம்புகிறேன், கடல் ரசாயனம் கல்லில் அளக்கக்கூடிய விஷயம்.

எண்ணூர்ச் சேற்றில் சாம்பலும் எண்ணெயும் இருக்கிறதே, அது எதையாவது பாதுகாக்குமா என்று யாராவது கேட்பீர்கள். அந்தப் பேச்சு வேண்டாம், நாங்கள் அதோடு வாழ்கிறோம்.

#17 தேரடி (திருவொற்றியூர்)

சாம்பல் என்றதும் நினைவு வந்தது. மொராக்கோ என்றால் போலிச் சரக்கு என்று நானே எழுதினேன், ஆனால் 2024இல் அங்கிருந்துதான் மிக நல்ல ட்ரைலோபைட் வெளிவந்தது. ஹை அட்லஸ் மலை, எரிமலைச் சாம்பல் கடலுக்குள் பாய்ந்து உயிரோடு மூடிவிட்டது, சுமார் 51 கோடி ஆண்டு. சாம்பல் கடல்நீரில் வேகமாக இறுகியதால் உடம்பு நசுங்கவே இல்லை. ஓட்டைத் தாண்டிக் காலும், உணர்கொம்பும், வாய்க்கு மேல் இருக்கும் உதடும், வாயைச் சுற்றிய குட்டிக் கால்களும், செரிமானப் பாதையும் எக்ஸ்ரே ஸ்கேனில் முப்பரிமாணத்தில் தெரிகின்றன. ட்ரைலோபைட்டை எத்தனை காலமாக மனிதர்கள் பொறுக்குகிறார்கள், அதற்கு வாய் எப்படி என்று இவ்வளவு தெளிவாகப் பார்த்தது இப்போதுதான். விற்பனைக்கு வராது, கேட்காதீர்கள்.

#18 நுண்ணோக்கி (வியாசர்பாடி)

அதே 2024இல் யூட்டி யுவான்ஷி. யுன்னான், சுமார் 52 கோடி ஆண்டு, கசகசா அளவுள்ள ஒரு குட்டி, இன்னும் முதிராத பருவம். டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஸ்மித் குழு அதை இங்கிலாந்தின் சிங்க்ரோட்ரானில் (மிக வலுவான எக்ஸ்ரே தரும் பெரிய இயந்திரம்) எக்ஸ்ரேயில் படம் எடுத்தது. உள்ளே மூளை இடம், செரிமானச் சுரப்பிகள், ரத்தம் ஓடும் பைகள், காலுக்கும் கண்ணுக்கும் போகும் நரம்புத் தடம். தட்டையான கறை இல்லை, அறை அறையாக வெற்றிடம். எண்ணூர் அண்ணா, இதைப் படலம் என்பீர்களா?

#19 முகத்துவாரம் (எண்ணூர்)

சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரே ஒரு மாதிரி.

#20 நுண்ணோக்கி (வியாசர்பாடி)

இவரோடு மல்லுக்கட்ட முடியாது.

சின்ன அளவு என்றதால் ஸ்வீடனின் ஓர்ஸ்டன் பற்றி ஒரு வரி. சுண்ணாம்புக் கட்டிகளை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரின் அமிலத்தில், ஊறப் போட்டால் சுண்ணாம்பு கரைந்து பாஸ்பேட் பூசிய குட்டிக் கணுக்காலிகள் அடியில் தங்கும். எல்லாம் 2 மில்லிமீட்டருக்குள். ஜெர்மனியின் கிளாஸ் முல்லர் வேறு எதையோ தேடப்போய் 1970களில் பிடித்தது. காலில் உள்ள மயிர் வரை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணலாம். உள்ளுறுப்பு அதிகம் இல்லை, தோல்தான், ஆனால் நசுங்காத தோல்.

#21 தயிர்வடை (பெரம்பூர்)

கேட்கவே பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். நம்ம ஊரில் தோண்டினால் இதில் ஏதாவது கிடைக்குமா? எங்கள் தெருவில் மெட்ரோவுக்குத் தோண்டின குழி பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

#22 சுண்ணக்கட்டி (ராயபுரம்)

கிடைக்காது. வடசென்னையில் மேலே ஆற்று மண்ணும் கடல் மணலும். அவை கேம்பிரியனுக்கு மிக மிக இளையவை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் தலைநீட்டும் சார்னோக்கைட் என்ற பாறை கேம்பிரியனை விட மிகப் பழையது, பூமிக்குள் வெந்து உருமாறியது, எச்சம் தங்க வழியில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கிடைப்பது தாவரப் படிவம். அரியலூர் கிரிட்டேசியஸ் காலத்து (டைனோசர்களின் கடைசிக் காலம்) கடல், அம்மோனைட்டும் சுறாப்பல்லும்.

இந்தியாவில் கேம்பிரியன் கணுக்காலி வேண்டுமானால் இமயத்துக்குப் போக வேண்டும். இமாசலத்தின் ஸ்பிதியில் பராகியோ பள்ளத்தாக்கு, காஷ்மீர். ட்ரைலோபைட் ஓடுகள் நூறு ஆண்டுக்கு முன்பே அங்கிருந்து விவரிக்கப்பட்டுள்ளன. தோண்டி எடுத்து வர வேண்டாம், போய்ப் பார்க்கலாம்.

#23 கல்லுக்காதலன் (கொருக்குப்பேட்டை)

விற்பவர் பதில் அனுப்பினார். "பழைய தனியார் சேகரிப்பு, காகிதம் கிடையாது, எதிர்ப்பாதி உடைந்துவிட்டது, இன்று இரவுக்குள் வாங்கினால் விலை பாதி." நான் வாங்கவில்லை. வீட்டில் சந்தோஷம்.

ஆனால் கேம்பிரியன் கணுக்காலி ஒன்று கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. சட்டப்படி என்ன கிடைக்கும்?

#24 தேரடி (திருவொற்றியூர்)

எல்ராத்தியா கிங்கி என்ற ட்ரைலோபைட். அமெரிக்காவின் யூட்டா மாநிலம், வீலர் ஷேல் என்ற களிப்பாறை. அங்கே காசு கட்டிவிட்டுப் போய்க் கல்லைப் பிளந்து எடுத்துக்கொள்ளும் தனியார் குவாரி உண்டு. ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு, போலி செய்வதில் யாருக்கும் லாபமில்லை. கறுப்பாக, கட்டைவிரல் நக அளவில் இருந்து பெரிதாக வரும். வயது பர்ஜஸோடு கிட்டத்தட்ட ஒன்றுதான். மென்திசு எதிர்பார்க்காதீர்கள், வெறும் ஓடு. பர்ஜஸ் கல்லை மட்டும் யாராவது விற்றால் ஓடிவிடுங்கள், அது யோஹோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, ஒரு துண்டு எடுப்பதும் குற்றம்.

#25 இறால்கூடை (காசிமேடு)

மகன் பர்ஜஸ் படங்களைக் காட்டினான். வாப்டியா என்று ஒன்று, அசல் நம் இறால் மாதிரியே இருக்கிறது, வால் முதற்கொண்டு. ஆனால் அதன் தலைக்கவசத்துக்குள் முட்டை என்று வட்டம் போட்டிருக்கிறார்கள். நாங்கள் உரிக்கும் கடல் இறால் முட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிடும், சுமக்காது. நண்டுதான் வயிற்று மடலுக்குள் சினையைச் சுமக்கும். அப்போது இது இறாலா நண்டா? அது முட்டை என்று எப்படித் தெரியும், எண்ணூர்க்காரர் சொன்ன மாதிரி கறையாக இருக்கக் கூடாதா?

#26 நுண்ணோக்கி (வியாசர்பாடி)

இரண்டும் இல்லை அக்கா. இறாலும் நண்டும் பிரிவதற்கு வெகு காலம் முன்னாலேயே பிரிந்த கிளை. உருவம் இறால் போல் இருப்பது நீந்தும் வாழ்க்கையால். கடிக்கும் தாடை இருப்பதால் பூச்சி, இறால், பூரான் எல்லாம் சேர்ந்த பெரிய கூட்டத்தின் பக்கம் வைக்கிறார்கள்.

முட்டை பற்றி 2015இல் காரோனும் வானியேவும் எழுதினார்கள். 1,845 வாப்டியாவைப் பார்த்ததில் ஐந்தில் மட்டும் முட்டை. கவசத்தின் உள்பக்கம், உடம்பின் இரு பக்கமும் கொத்தாக, மொத்தம் 24 வரைக்கும். ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர், அந்தப் பிராணியின் அளவுக்குப் பெரிய முட்டை. எல்லாம் ஒரே அளவு, சிலவற்றுக்குள் கரு இருப்பதும் தெரிகிறது. நண்டு போல வயிற்றடியில் இல்லை, தலைக்கு அருகில்.

#27 முகத்துவாரம் (எண்ணூர்)

ஒரே அளவில், இரு பக்கமும், ஐந்து மாதிரியில், உள்ளே கருவோடு. இதற்கு நான் ஆட்சேபிக்கவில்லை. இதயத்துக்கு இன்னும் ஆட்சேபம்தான்.